ஆர்லோ கொடுத்த கோடாலி

...இவளுக்கு என்ன தெரியும், அளவெடுக்கிற காலிப்பர் கையில் இருந்தால் ஆயிற்றா, முப்பது வருஷமாக ஓரிகன் சந்தைகளில் துருவுக்கு அடியில் கம்பெனி முத்திரை தேடிக் கண் பூத்தவன் நான், பழைய கோடாலி சேர்க்கிறவர்களின் இந்த மன்றத்தில், ஒரு கோடாலியில் அசல் என்று என் கையெழுத்துச் சீட்டு தொங்கினால் மறுபேச்சு கிடையாது, அதைப் போய் இந்த டெஸ், மன்றத்தில் சேர்ந்து இரண்டு மழைக்காலம்கூட ஆகவில்லை, கூடம் நிறைய ஆள் இருக்கும்போது என் மேசைக் கோடாலியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் ஹாகன், இது சின்னக் கோடாலியே இல்லங்க, பெரிசைச் சாணையில குடுத்துச் சின்னதாக்கியிருக்காங்க" என்கிறாள். சின்னதாக்கியிருக்காங்களாம்! யார்? என் சிநேகிதன் ஆர்லோவா? மரம் மதிப்பிடத் தனியாகக் காட்டுக்குள் போகிறவன் இடுப்பில் செருகிக்கொள்கிற கோடாலி இது, இரண்டு பக்கமும் வாய், இரண்டரை பவுண்டு, ஒரு வாய் மரத்தில் அடையாளம் கொத்த, மற்றது வேரிலும் கல்லிலும் போட, ஆர்லோவின் மாமா முப்பது வருஷம் சுமந்தது, என் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஆர்லோ கொடுத்தது. இது போலி என்றால் என் கையெழுத்து போலி, அது போகட்டும், ஆர்லோ பொய்யன் என்று ஆகிறது. அதை என் முகத்துக்கு நேரே சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம்!

"எப்படிச் சொல்றே?" என்று கேட்டேன், கத்திவிட்டேன் போல, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்புகிறார்கள், திரும்பட்டும். "வாயை எவ்வளவு வேணாத் தேய்க்கலாம், காம்பு நுழையிற துளையைச் சின்னதாக்க முடியாதுங்களே. இது பெரிய கோடாலித் துளை. நீங்களே அளந்து பாருங்க." எனக்கே பாடம்! முத்திரையை நம்பாதே, முதலில் துளையை அள என்று மன்றத்துப் பத்திரிகையில் எழுதியதே நான்தான், என் வார்த்தையை எடுத்து என் மேலேயே வீசுகிறாள். ஆர்லோ வந்து கேட்கட்டும், அவன் மாமாவையல்லவா அவமதிக்கிறாள், ஒரு டோனட் குறைந்தாலே சண்டைக்கு நிற்கிறவன், எங்கே அவன்... காபி மேசையில் நிற்கிறான். "அட விடுடா, சின்னப் பொண்ணுகிட்டப் போய் மல்லுக்கு நிக்கிறே. காபி ஆறுது, வா" என்கிறான், கோப்பையைப் பார்த்துக்கொண்டே. விடுவதா? இவனுக்காகத்தானே தொண்டை கிழியக் கத்துகிறேன், இவனுக்கு ரோஷம் வரவேண்டாமா? மரஆலையில் நாற்பது வருஷம் ரம்பத்துக்குச் சாணை பிடித்தவன், சாணைத் தழும்பைப் பற்றி இவளுக்கு நாலு வார்த்தை சொல்லக்கூடாதா... சாணை. எனக்கு அறுபது ஆவதற்கு முந்தின குளிர்காலம் முழுக்க இவன் காதில் புலம்பிக்கொண்டிருந்தேன், ஏலத்தில் ஒரு சின்னக் கோடாலி கைநழுவிப் போயிற்று, சாவதற்குள் ஒன்று கிடைக்குமா என்று. வசந்தத்தில் பிறந்தநாள் வந்தது. மாமா என்று ஒருவர் இருந்ததை அதற்குமுன் இவன் சொல்லிக் கேட்டிருக்கிறேனா? சீ, என்ன நினைப்பு இது, எல்லாம் இந்தப் பெண்ணால்.

டெஸ் காலிப்பரை நீட்டியபடி நிற்கிறாள், மரியாதையாகத்தான் நீட்டுகிறாள், அதுதான் இன்னும் எரிச்சல். காம்பைக் கழற்றக்கூட வேண்டாம், மேலே தெரிகிற துளையில் வைத்தால் ஒரு நிமிஷம். ஆர்லோ இப்போது என்னைப் பார்க்கிறான். குப்பையில் கிடந்த கோடாலியைக்கூடத் துளை அளக்காமல் கீழே வைத்தவனில்லை நான். இதை மட்டும் ஒன்பது வருஷமாக ஒரு தடவைகூட அளக்கவில்லை. மறந்துபோயிற்று என்று சொல்லலாம், யார் நம்புவார்கள், நானே நம்பவில்லையே.