யெல்லேவின் மெட்டுகள்

மாரிட் வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே கட்டிய கடைசி மெட்டையும் கட்டைவிரலால் தள்ளி நேராக்கினாள். காம்பா என்னும் அந்தப் பெரிய வில்வாத்தியத்தின் கழுத்தைத் துணியால் அழுத்தித் துடைத்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லை இழுத்தாள். சுத்தமான சுருதி. பக்கத்தில் திறந்த சவப்பெட்டிக்குள் அண்ணன் யெல்லே படுத்திருந்தான். மூடி போடுவதற்கு முன் அவனுடைய வாத்தியத்திலேயே அவனுக்கு ஒரு பாட்டு. இனி அவனுக்கென்று செய்ய அது ஒன்றுதான் மிச்சம், அதில் பிசிறு தட்டக்கூடாது.

அண்ணி சஸ்கியா காபியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அதுல என்ன பண்ணுன?"

"மெட்டெல்லாம் கன்னாபின்னான்னு கிடந்துச்சு அண்ணி. குடல் நரம்புல சுத்திக் கட்டுனதுதானே, நழுவியிருக்கும். சரி பண்ணிட்டேன்."

"நழுவல. அவரே நகத்தி வச்சது." சஸ்கியா கோப்பையை கால்வாய் பக்கத்து ஜன்னலில் வைத்தாள். "வசந்தத்துலேர்ந்து காது சரியில்ல. ஒரே சத்தம் ஒரு காதுல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரி. அவருக்கு எங்க சரியாக் கேட்டுச்சோ அங்க வச்சுக்கிட்டு தனியா வாசிச்சார்."

மாரிட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கள் காம்பா குழுவில் கூட வாசிக்கும் லீவனோடு ஏதோ மனஸ்தாபம், அதனால்தான் அண்ணன் குழுவுக்கு வருவதில்லை என்றல்லவா நினைத்திருந்தாள்!

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்கிட்டயா? மயிரிழை பிசகுனாலே மூஞ்சியச் சுளிப்ப. அதான் மாரிட்டுக்கு மட்டும் சொல்லாதேன்னார்."

சுருக்கென்றது. மெட்டுகள் இருந்த தடத்தைக்கூட அவள் துடைத்துவிட்டிருந்தாள். சரி பண்ணினேனா, கெடுத்தேனா?

"பழைய இடம் தெரியலையே அண்ணி."

"எனக்குப் பாட்டு தெரியாது. ஆனா சமைக்கறப்போ தினம் கேட்டதுதான். நகத்து, சொல்றேன்."

மாரிட் நகர்த்தி வாசித்தாள்.

"இல்ல."

மறுபடி.

"இல்ல... கிட்ட வந்துருச்சு... ஆங், இதான்."

மாரிட்டின் காதுக்கு அது பல்லைக் கூசச் செய்தது. சஸ்கியா அழுதுகொண்டிருந்தாள். ஞாபகத்திலிருந்து சொல்கிறாளா, இல்லை துக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாளா?

மூடி போடும் ஆட்கள் நடையில் காத்திருந்தார்கள். லீவன் தன் சின்ன காம்பாவோடு வந்து எதிரே உட்கார்ந்தார். மாரிட் ஆரம்பித்தாள். நாலு சுரம் போவதற்குள் அவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்து நிறுத்து. சுருதி கூட்டலையா நீ?"

"கூட்டிட்டேன்."

"இது கூட்டுனதா?"

"யெல்லேவுக்கு இப்படித்தான் கேட்டுதாம். நெஜமாவே இதானான்னு எனக்குத் தெரியல, லீவன்."

லீவன் பெட்டியைப் பார்த்தார். குழுவில் பெரிய காம்பாவின் சுருதி எங்கே நிற்கிறதோ அங்கேதான் மற்றவை வந்து சேர வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, தன் வாத்தியத்தின் மெட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கினார்.