கணுக்கால் வரை

நாஞ்சில் நாட்டில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறவனை ஒருத்தரும் விவசாயி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ரசலையனுக்கும் அது தெரியும். அறுபத்திரண்டு வயது வரைக்கும் கொட்டாரத்துச் சேற்றில் வெறுங்காலோடு நடந்த மனுஷன், இந்த ஐப்பசியில் வடசேரிக்குப் பஸ் ஏறிப் போய், முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவந்தார். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வரப்பில் வந்தபோது நடவுக்காரிகள் முதுகை நிமிர்த்திப் பார்த்தார்கள்.

"ஏட்டி, மிலிட்டரி வருதுட்டீ!" என்றாள் சத்தியபாய்.

அவர் சேற்றில் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. அந்தச் சிரிப்பு கொட்டாரம் ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும். ரசலையனுக்கு மானம் போயிற்று. ஆனாலும் யோசித்துப் பார்த்தால், மனைவி ஜெபகுமாரி இறந்த பிறகு நாலு பேர் அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் துக்கம் விசாரிக்கிற முகத்தையே எல்லாரும் அவரிடம் காட்டினார்கள்.

ஆசைப்பட்டு வாங்கிய பூட்ஸ் இல்லை அது. சர்க்கரை வந்து பதினைந்து வருஷமாகிறது. இப்போது பாதம் இரண்டும் மரத்துப்போய், முள் குத்தினாலும் தெரியாது, சுடுதண்ணீர் விழுந்தாலும் தெரியாது என்றாகிவிட்டது. சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் பிரைட்டன்தான் கறாராகச் சொன்னான். சேற்றில் இறங்கினால் பூட்ஸ் போட வேண்டும், போடுமுன் கவிழ்த்துத் தட்ட வேண்டும், தினமும் உள்ளங்காலை யாராவது பார்க்க வேண்டும்.

"வீட்டுல ஆரு மாமா பாப்பா?"

"பாத்துக்கிடலாம் மக்கா" என்று மழுப்பிவிட்டு வந்தார்.

யார் பார்ப்பது? ஜெபகுமாரி போய் ஒன்றரை வருஷம். மகள் அபினா மஸ்கட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போனில் வீடியோவில் வருவாள். "அப்பா, மெலிஞ்சிட்டீங்க" என்பாள். போனைக் கீழே இறக்கி உள்ளங்காலைக் காட்ட அவருக்கு மனசு வரவில்லை. காட்டினால் அடுத்த வாரமே வயலைக் குத்தகைக்கு விடச் சொல்வாள். வயலும் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது? சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்?

போன செவ்வாய்க்கிழமை பேய் மழை. வரப்பு உடைந்துவிடுமே என்று காலையிலேயே கிளம்பினார். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். பூட்ஸைக் கவிழ்த்து மூன்று தட்டுத் தட்டினார், குனிந்து மாட்டினார், நடந்தார். மடையைத் திறந்துவிட்டு, வரப்புக்கு மண் வெட்டிப் போட்டு, சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பிவந்து பையில் கைவிட்டால் சாவியைக் காணோம்.

நனைந்துகொண்டே படியில் தேடினார், முற்றத்தில் தேடினார். பக்கத்து வீட்டுப் பொன்னுலிங்கம் குடையோடு வந்து நின்றான்.

"தாக்கோலு மடையில விழுந்திருக்கும் அண்ணாச்சி. இனி அது கடலுக்குப் போயாச்சு. பூட்டை ஒடைச்சிருவோம்."

மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அவனே நாலு போடு போட்டான். பூட்டு தெறித்தது. "நல்ல ஒரு பூட்டா வாங்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ரசலையன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து வலது பூட்ஸை இழுத்தார். சாவி தரையில் விழுந்தது. குனிந்தபோது பையிலிருந்து நழுவி உள்ளே போயிருக்கிறது. சாவி கிடக்கட்டும், அதன் பின்னால் ரத்தமும் வந்தது. எட்டு மணி நேரம் ஒரு இரும்பை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறார், உடம்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில்தான் பேச ஆளில்லை என்றால் சொந்தக் காலும் பேச்சை நிறுத்திவிட்டதே என்று அவருக்கு அழுகை வந்தது. கேட்க யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதார்.

மறுநாள் காலை சுகாதார நிலையத்தில் பிரைட்டன் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினான். வைதுகொண்டேதான் கட்டினான். பிறகு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மரப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு பாக்கணும் மாமா. கணுக்கால்ல உணர்ச்சி இருந்தா, புண்ணு ஆறினப்பொறவு பூட்ஸு போட்டு வயலுக்குப் போலாம். அதுக்கு மேல ஏறியிருந்தா இனி சேறே வேண்டாம், கேட்டேளா? டாக்டரு அப்படித்தான் எழுதுவாரு."

ரசலையன் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். எங்கே தொட்டாலும் தெரிகிறது என்று சொல்லிவிடுவது. ஒரு வயலுக்காகச் சொல்கிற பொய்யைக் கர்த்தர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

"கண்ணை மூடுங்க. தொட்டா தெரியுதான்னு சொல்லணும். இப்பம்?"

"தெரியுது."

"மாமா, நான் இன்னும் தொடவே இல்ல."

அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இனி உள்ளதைச் சொல்லுங்கள் என்றான் பிரைட்டன். விரலில் தொட்டதாகச் சொன்னான், தெரியவில்லை. குதிகாலில் தொட்டதாகச் சொன்னான், அதுவும் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் "இல்ல" என்று உண்மையையே சொன்னார்.

அப்புறம் கணுக்காலைச் சுற்றி ஒரு உள்ளங்கை வந்து அமர்ந்தது. சூடு தெரிந்தது. விரல்கள் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆராதனை முடிந்து கோயிலில் கைகொடுப்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒன்றரை வருஷத்தில் மேலே பட்டது அவருக்குத் தெரிந்த முதல் கை அதுதான். தெரியுது என்று ஒரு வார்த்தை சொன்னால் வயல் மிஞ்சும். ஆனால் சொன்ன உடனே இவன் கையை எடுத்துவிடுவான்.

"தெரியுதா மாமா?"

ரசலையன் கண்ணைத் திறக்கவில்லை.

"இல்ல மக்கா" என்றார். "கொஞ்ச நேரம் வச்சுப் பாரு."