கண் இல்லாத மண்

"இதுக்குக் கண்ணு கீதா? பாத்துச் சொல்லு."

அத்தா அப்படிக் கேட்டபோது ஜீனத்துக்கு ஒன்பது வயது. அவர் ரஷீது, ராயபுரம் கபர்ஸ்தானில் குழி வெட்டுகிறவர். அன்று ஒரு குழியின் அடிமண்ணைத் தகர டப்பாவில் அள்ளி வந்திருந்தார். அதில் உப்புத்தூள் மாதிரி என்னவோ நகர்ந்தது. மையத்தை, புதைக்கிற உடலை, தின்ன வந்த புழுவோ என்று அவருக்குப் பயம். துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய பூதக்கண்ணாடியை மகள் கையில் கொடுத்தார். ஆறு கால், நாலு கணு வைத்த மீசை, வெள்ளை உடம்பு. கண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இல்லை என்றாள்.

"அப்ப சரி. கண்ணில்லாததுக்கு மையத்தோட மொகம் தெரியாது."

அதற்கப்புறம் அதுவே அவருக்கு அளவுகோல். மேல்மண்ணில் இருப்பது வேறு இனம்: சாம்பல் நிறம், தலையின் இருபுறமும் கறுப்புப் புள்ளிகளாய்க் கண்கள், வயிற்றுக்கடியில் மடித்து வைத்த கவட்டை வால். தொட்டால் அந்த வாலை உதைத்துத் துள்ளும். அடிமண் இனத்துக்குக் கண்ணும் கிடையாது, வாலும் கிடையாது. அது வரும்வரை அத்தா இறங்கி வெட்டுவார். கூட வெட்டும் ஹுமாயூன் மாமு, "பூச்சிக்குக் கடுதாசி போட்டு வரவழைக்கிறாருமா உங்க அத்தா" என்று கேலி செய்வார். பள்ளிக்கூடம் நின்றுபோன பிறகு, பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் ஜீனத் அவற்றை ஒவ்வொன்றாக வரைந்தாள். அம்மா கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது அத்தா கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். யுத்தக் கப்பல்களோடு வந்ததாகச் சொன்ன விஷக்காய்ச்சல் அவரை மூன்றே நாளில் முடித்துவிட்டது. தெருவில் வீட்டுக்கொரு சாவு. வெட்டுகிற ஆட்களே படுத்துவிட்டதால் குழிகள் முழங்காலுக்கு மேல் போவதில்லை என்று பேச்சு. படுக்கையில் அத்தா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கண்ணு கீற மண்ணுல என்ன வெச்சிடாதீங்க." அம்மா அஜீசா அதைக் காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்தாள். ஜீனத் நினைக்கவில்லை.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் மையத்தை எடுத்துவிடுவார்கள். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கமில்லை. அதனால் ஒரு பிடி அடிமண் வேண்டுமென்று காலையிலேயே ஹுமாயூன் மாமுவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். காத்திருந்த நேரமெல்லாம் வெள்ளைத் துணியின்மேல் எதுவோ துள்ளுவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் மறுபடியும் துள்ளியது.

ஹுமாயூன் மாமு மழையில் நனைந்து பின்வாசலில் வந்து நின்றார்.

"நெஞ்சு மட்டத்துக்கு வெட்டியாச்சு. அடிமண்ணுதான், கையாலயே வாரினேன்."

அம்மா கஞ்சி கொடுக்கச் சொன்னாள். கோப்பையை வாங்கிய உள்ளங்கைகளில் தோல் உரிந்து சதை தெரிந்தது. இன்றைக்கு இது ஒன்பதாவது குழி என்றார். கண்கள் சிவந்து, பற்கள் தந்தியடித்தன. அத்தாவுக்கும் முதல் நாள் இப்படித்தான் ஆரம்பித்தது.

ஜீனத் மண்ணைப் பீங்கான் தட்டில் பரப்பினாள். வெள்ளையாக ஒன்று ஊர்ந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் மேல்மண் இனத்தின் குஞ்சும் வெள்ளையாகத்தான் இருக்கும், நிறத்தை நம்பக் கூடாது. ஊசிமுனையால் புரட்டினாள். வயிற்றின் கீழ் கவட்டை வால். தலையில் இரண்டு கறுப்புத் திட்டு. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது பூதக்கண்ணாடிக்குக் கீழிருந்து துள்ளி மறைந்தது. தட்டு முழுக்கத் தேடியும் குருடு ஒன்றுகூட இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். சொன்னால், காய்ச்சல் கண்ட இந்த மனுஷரைத் திரும்ப மழைக்குள் அனுப்ப வேண்டும்.

"மாமு," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. பெரியவளான பின் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "இன்னும் எறங்கணும்."

"எறங்குனா தண்ணி ஊறுதுமா."

"எல்லாத்துக்கும் கண்ணு கீது, மாமு."

அவள் கதவிடுக்கில் நீட்டிய தட்டை அவர் பார்த்தார். பிறகு கூடத்தின் பக்கம் பார்த்தார். பாதி குடித்த கஞ்சியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். நனைந்த சாக்கைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தார். மழையில் இறங்கிப் போனார்.