அறுபத்து மூன்றில் நின்ற ஆட்டம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலிலிருந்து நஜ்மாவைக் கொசுக்கள் கடிப்பதில்லை. அப்போது அவளுக்கு ஆறு வயது. திருவாரூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், வெண்ணாற்றுக் கரையை ஒட்டிய பள்ளிவாசல் தெருவில், பதினொரு பிள்ளைகள் ஐஸ்பாய் ஆடிக்கொண்டிருந்தார்கள். தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவள் தரையில் புரண்டு அழுததால், அண்ணன் யூனுஸ், “சரி, வந்து தொலை. நீ ஒப்புக்குச் சப்பாணி” என்றான். அந்த ஊர் வழக்கப்படி, ஒப்புக்குச் சப்பாணியான பிள்ளை ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். ஆனால் அதை யாரும் தேட மாட்டார்கள், பிடிபட்டாலும் அவுட் இல்லை, எண்ணிக்கையில் சேர்த்தி இல்லை. பதின்மூன்று வயது யூனுஸ் விளக்குக் கம்பத்தில் முகத்தைப் புதைத்து நூறு எண்ணத் தொடங்கினான். அறுபத்து மூன்றை எட்டியபோது தெருமுனையில் ஹார்ன் சத்தம் கேட்டது. அவர்களுடைய அத்தா ஃபாஜில், கும்பகோணத்துப் பாத்திர வியாபாரி ஒருவரிடம் இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய வெள்ளை அம்பாசிடரில் வந்து இறங்கினார். தெருவுக்கு வந்த முதல் கார். ஒளிந்திருந்த பிள்ளைகளெல்லாம் வெளியே ஓடிவந்தார்கள், ஆட்டம் அப்படியே நின்றது. வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருந்த நஜ்மா மட்டும் அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை காத்திருந்தாள்.

எண்பத்தெட்டில் அம்மை அந்தத் தெருவின் பதினான்கு வீடுகளுக்குள்ளும் புகுந்து ஒவ்வொரு பிள்ளையையும் தொட்டது, அவளைத் தொடவில்லை. தொண்ணூற்று ஒன்றில் வெறிபிடித்த செவலை நாய், நேராக அவளை நோக்கி ஓடிவந்து, ஓரடி தூரத்தில் ஒதுங்கி, பின்னால் நின்ற ஆட்டைக் கடித்தது. வருகைப் பதிவேட்டில் டீச்சரின் விரல் அவள் பெயரை ஒவ்வொரு நாளும் தாண்டிப் போயிற்று. திருவாரூர் ஜங்ஷனில் எடை பார்க்கும் இயந்திரத்தில் காசு போட்டால் எல்லோருக்கும் எடையும் பின்பக்கம் ஜோசியமும் அச்சடித்த அட்டை விழும். அவளுக்கு இருபுறமும் வெள்ளையாக விழுந்தது. அவளுடைய அம்மா நஃபீசா அதை அல்லாஹ்வின் கிருபை என்று சொல்லி, யாரிடமும் பேசக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னாள். நஜ்மாவுக்குப் பயம் பிடித்தது அந்தக் காரில்தான். அத்தா புறப்படும் முன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, “எல்லாரும் ஏறியாச்சா?” என்று கேட்டுத் தலைகளை எண்ணுவார். அவள் யாராவது ஒருவர் மடியில் இருப்பாள், எண்ணில் வர மாட்டாள். ஒருமுறை கும்பகோணம் பெட்ரோல் பங்கில் இறங்கிய அவளை விட்டுவிட்டுப் போனவர்கள், கணக்கு சரியாக இருந்ததால், நீடாமங்கலம் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் கார் கதவின் கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் உட்கார்வாள். கைப்பிடியின் குரோம் பூச்சு அவள் விரல் பட்ட இடத்தில் மட்டும் தேயாமல் இருப்பதையும் அவள் பார்த்து வைத்திருந்தாள்.

தொண்ணூற்று இரண்டுக்குப் பிறகு தெரு காலியாகத் தொடங்கியது. அன்று ஐஸ்பாய் ஆடியவர்களில் நான்கு பேர் சிங்கப்பூருக்கும் மூன்று பேர் வளைகுடாவுக்கும் போனார்கள்; மிச்சமிருந்தவர்கள் சென்னையில் வேலை தேடிக்கொண்டார்கள். தொண்ணூற்று நான்கில் யூனுஸ் சார்ஜாவுக்குப் புறப்பட்டான். வீடே அழுதது. நஜ்மாவுக்குக் கண்ணில் நீர் வரவில்லை. அந்தப் பிரிவு அவளைத் தாண்டிப் போய்விட்டது. மறுவருடம் அவன் ஒரு சிவப்பு ரிமோட் கார் அனுப்பினான். அது யார் காலில் மோதினாலும் பின்வாங்கித் திரும்பும் ஜாதி. எதிர்வீட்டு ஆசியாவின் பிள்ளைகள் அதைக் கூடத்தில் ஓட்டினார்கள். எல்லார் காலிலும் மோதித் திரும்பிய கார், நஜ்மாவின் பாதங்கள் இருந்த இடத்தில் மட்டும் வெறுந்தரையில் ஓடுவது போல் நேராக ஓடி மறுபக்கம் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள், பிறகு கொல்லையில் போய் உட்கார்ந்து தன் கால்களை நெடுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். தொண்ணூற்று ஒன்பதில் அத்தா இறந்தார். அம்பாசிடரை மாட்டுக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அப்போதும் அவள் அழவில்லை என்பதைத் தெரு கவனித்தது.

இரண்டாயிரத்து மூன்றில் தம்மாமில் வேலை பார்த்த தௌபீக் அவளைக் கட்டினான். நிக்காஹ் புத்தகத்தில் அவள் பெயரை மூன்று முறை எழுதினார்கள், மூன்று முறையும் மை காய்வதற்குள் காணாமல் போயிற்று. சாட்சிகளின் வாய்ச்சொல் போதும் என்று பெரியவர்கள் முடித்துவைத்தார்கள். மறுவருடம் டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாமியார் வீட்டாரோடு நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தாள். ராசம்மாள் என்ற பெண்ணிடம் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி, முதல் கடலையை உரித்துக்கொண்டிருக்கும்போது மணி ஒன்பது சொச்சம். கடல் எழுந்து வந்து, ஆற்று நீர் மூங்கில் முளையைச் சுற்றிப் போவது போல, அவளைச் சுற்றிப் போயிற்று. திரும்பியும் போயிற்று. அவள் புடவை நனையவில்லை, காகிதப் பொட்டலமும் நனையவில்லை. சாலையோரம் நின்ற மாமியார் வீட்டார் இடுப்பளவு நீரோடு தப்பினார்கள். ராசம்மாள் நின்ற இடத்தில் ராசம்மாள் இல்லை. அந்தக் கடலைகளை நஜ்மா தின்னவுமில்லை, எறியவுமில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இரண்டாயிரத்து ஆறில், தௌபீக் லீவில் வந்து போன பின், அவள் உண்டாகித் தாய்வீட்டுக்கு வந்தாள். தெரு முழுவதும் பிரசவம் பார்க்கும் காளியம்மாள் மாதத்துக்கொரு முறை வந்து வயிற்றைத் தொட்டு விரல்விட்டு எண்ணுவாள். பத்து மாதம் ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. பிள்ளை உள்ளே உதைத்தது, புரண்டது, விக்கியது. ஆனால் பிறக்க முயலவில்லை. திருவாரூரில் ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. துடிப்பை எண்ணவந்த டாக்டரம்மா, முட்டி மோதும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே, “ஒண்ணும் இல்லையேம்மா” என்றார். பதினாலாவது மாதத்தில் காளியம்மாள்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

“மாசம் போவாம இல்ல தாயி. ஒனக்கு மாசம் எண்ணிக்கையில ஏற மாட்டேங்குது. எண்ணுனாத்தானே பத்து ஆவும்?”

அன்று முழுவதும் நஜ்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருப்பது வெளியே வராமலே போய்விடும். அவளைப் போலவே, யாரும் தேடாத இடத்தில், பாங்கு சொல்லும்வரை காத்திருக்கும். மறுநாள் சார்ஜாவுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, அன்னைக்கி நீ எத்தனை வரைக்கும் எண்ணுன?”

“என்னைக்கி?”

“அத்தா கார் வாங்கிட்டு வந்தாங்கள்ள, அன்னைக்கி.”

யூனுஸ் யோசிக்கவே இல்லை. “அறுவத்து மூணு” என்றான். சார்ஜாவில் எட்டுப் பேர் படுக்கும் அறையில், பதின்மூன்று வருடமாகத் தூக்கம் வராதபோதெல்லாம் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி அந்த எண்ணில்தான் அவன் தூங்கிப்போவான். அதைத் தாண்டியதே இல்லை. “அதுக்கென்ன இப்ப? அது வெளையாட்டு புள்ள.”

“வந்து முடிச்சிக் குடு” என்றாள்.

அவன் பதினேழு நாள் லீவில் வந்தான். தலையில் பாதி முடி போயிருந்தது, சர்க்கரை மாத்திரை டப்பா சட்டைப் பையில் குலுங்கியது. வந்த அன்று காலையே விளக்குக் கம்பத்தில் முகத்தை வைத்து, வெட்கத்தோடு, “அறுபத்து நாலு” என்று தொடங்கினான். எதிர்வீட்டு வாசலிலிருந்து ஆசியா, “ஏன் யூனுசு, துபாய்க்காரன் கள்ளாட்டம் ஆடாம கண்ண நல்லா மூடு” என்று கத்தினாள். நஜ்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய், தார்ப்பாயை விலக்கி, அம்பாசிடரின் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்தாள். ரெக்சினில் அத்தாவின் பீடி வாசனை இன்னும் இருந்தது. எண்கள் தொண்ணூறைத் தாண்டியபோது அவளுக்கு நாயின் பல்லும் அம்மையின் கொப்புளமும் கடலின் சுவரும் நினைவுக்கு வந்தன. இருபது வருடம் தாண்டிப் போனதெல்லாம் இனி தாண்டாது. சத்தம் காட்டாமல் இருந்தால் அவன் கண்டுபிடிக்காமலே போகலாம். யூனுஸ் வைக்கோல் போர் இருந்த இடத்தில் தேடினான், கொல்லையில் தேடினான், “தெரியல புள்ள, எங்க இருக்க?” என்றான். வயிற்றில் ஓர் உதை விழுந்தது. நஜ்மா வாயைத் திறந்து “கூ” என்றாள். கார் கண்ணாடியில் அண்ணனின் முகம் தெரிந்தது.

“ஐஸ்பாய் நஜ்மா” என்றான் அவன்.

கொட்டகையில் இருந்த கொசு ஒன்று அவள் கழுத்தில் கடித்தது. பதினான்கு மாதமும் ஒன்றாக ஏற, மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. காளியம்மாள் தராசுத் தட்டில் துணி விரித்து வைத்தாள்: இரண்டு கிலோ தொள்ளாயிரம். ஆஷிகா என்று பெயர் வைத்தார்கள். எழுதிய பெயர் எழுதிய இடத்திலேயே இருந்தது.

இரண்டாம் நாள் நஜ்மாவுக்கு அம்மை போட்டது, மாலைக்குள் இறங்கிவிட்டது. ஐந்தாம் நாள், செத்துப் பல வருடமான செவலை நாய் வாசலில் ஏறி வந்து, அவள் கெண்டைக்காலில் கடித்துவிட்டு அமைதியாகத் திரும்பிப் போனது. எட்டாம் நாள் யூனுஸ் எதிரே உட்கார்ந்து இடியாப்பம் தின்றுகொண்டிருக்க, அவன் சார்ஜாவுக்குப் போகிறானே என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். “இங்கதானே இருக்கேன்!” என்று அவன் கெஞ்சியும் நிற்கவில்லை. அப்போதுதான் நஃபீசாவுக்குப் புரிந்தது: நாளுக்கு ஒரு வருடமாக, வரிசை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. பதிமூன்றாம் நாள் அத்தாவுக்காக அழுது முடித்த நஜ்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினாள். பதினெட்டாம் நாள் இரண்டாயிரத்து நான்கு.

கடல் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். அதை நம்பிச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. நாய் வந்த தூரம் அதைவிட அதிகம். யூனுஸ் லீவை நீட்டி, மெக்கானிக் வைத்து அம்பாசிடரை ஓடவைத்தான். டிசம்பர் என்பது வருடக் கடைசி, அதனால் அலை அந்த நாளின் கடைசியில்தான் வரும் என்று கணக்குப் போட்டார்கள். பிற்பகலில் குழந்தையை மன்னார்குடியில் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, நஜ்மா மட்டும் அறுவடை முடிந்த வயலில் போய்க் காத்திருப்பதாக ஏற்பாடு. கணக்கில் பிசகு அதுதான். அலை மாதத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தது.

காலை ஒன்பது மணிக்கு, வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று எல்லோரும் ஏறியிருந்தார்கள். தெருவோர வாய்க்காலில் தண்ணீர் திடீரெனக் கிழக்கே உறிஞ்சப்பட்டது. கெண்டை மீன்கள் சேற்றில் துள்ளின. நஜ்மா அதை ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

“எல்லாரும் ஏறியாச்சா?” என்று அத்தாவின் வழக்கப்படி கேட்டுத் திரும்பிய யூனுஸ், தெருமுனையில் வேப்பமர உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் அலை நின்றதைப் பார்த்து, எண்ணத் தொடங்கினான். “அம்மா ஒண்ணு. நான் ரெண்டு. நஜ்மா மூணு.” அவன் விரல் அவள் மடிக்கு வந்தது.

“எண்ணாதே!” என்று நஜ்மா அலறினாள். குழந்தையின் காதில் வாயை வைத்து, இருபது வருடம் தன்னைத் தின்ற அந்தச் சொல்லைத் தானே சொன்னாள். “நீ ஒப்புக்குச் சப்பாணி. ஒப்புக்குச் சப்பாணிடி என் கண்ணு.”

எதிர்வீட்டு ஆசியா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் துணியில் ஒரு துளி தெறிக்கவில்லை. அலை அந்த ஒரு காரின்மேல் மட்டும் விழுந்தது, கண்ணாடிகளை உடைத்தது, வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வயல் தள்ளிப் போட்டது, வந்த வழியே திரும்பியது. நஃபீசா பின்னலில் கடற்பாசியோடு இறங்கினாள். யூனுஸின் மாத்திரை டப்பா போய்விட்டது. நஜ்மாவின் இடது மணிக்கட்டு முறிந்திருந்தது, வாயெல்லாம் உப்பு. அன்று நாகப்பட்டினக் கரையில் பிழைத்தவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு. அவள் பிழைத்தவர்களோடு சேர்ந்தாள். மடியில் ஆஷிகா உலர்ந்த துணியில் உறங்கிக்கொண்டிருந்தாள். அந்த வயலில் மூன்று போகம் நெல் விளையவில்லை என்பதும், அதற்கு நிவாரணம் கேட்டு மனு போட்டபோது காரணம் என்ற இடத்தில் ‘கடல்’ என்று எழுதியதும் ஊர் அறிந்தது.

யூனுஸ் சார்ஜாவுக்குத் திரும்பும் நாள் வந்தது. “ஆட்டத்த முடிச்சிரு புள்ள. சொன்னது நீ. நீதான் முடிக்கணும்” என்றான். பார்க்கலாம் என்றாள். தெருவில் காய்ச்சல் காலமாக இருந்தது, அது போகட்டும் என்று விட்டாள். பிறகு மழை வந்தது. கொசுக்கள் குழந்தையைச் சுற்றிப் பறந்து எதுவும் இல்லாதது போல் விலகிப் போயின. தராசு முள் அசையவில்லை. இப்படியே வைத்துக்கொண்டால் நாய் கடிக்காது, கடல் எடுக்காது என்று நஜ்மாவுக்குத் தோன்றாத நாளில்லை. ஒரு மதியம் ஆசியாவின் பேரப்பிள்ளைகள் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். அலமாரியில் இருந்த சிவப்பு ரிமோட் காரை எடுத்து ஓட்டினார்கள். பாயில் படுத்திருந்த ஆஷிகாவை நோக்கி அது வேகமாகப் போனது. திரும்பவில்லை. மறுபக்கம் வந்து சுவரில் மோதி நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நஜ்மா அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பாயருகே உட்கார்ந்து, சரியாகச் சேராத இடது கையாலும் வலது கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து எண்ணினாள். அறுபத்து மூன்றில் குரல் நின்றது. வெகுநேரம் கழித்து அறுபத்து நாலு சொன்னாள். நூறு முடிந்து கையை எடுத்தபோது குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஐஸ்பாய் ஆஷிகா.”

ஒரு கொசு வந்து குழந்தையின் கன்னத்தில் உட்கார்ந்தது. நஜ்மாவின் கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. கொசு கடித்தது, குழந்தை வீறிட்டு அழுதது. சிவந்த கன்னத்தில் எச்சில் தடவி, தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தாள். மூன்று கிலோ இருநூறு.