ஆடிட் கண்ணாடி

பொங்கியண்ணன் கம்பெனியில் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆபீஸ் ரூமில், குலதெய்வப் படத்துக்குக் கீழே, பூட்டிய அலமாரியில் அவை வரிசையாகக் கொலு வீற்றிருந்தன. துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் பாதுகாப்பு ஆடிட்டுக்கு வருகிற காலையில் வெளியே வரும். அந்த ஆள் கார் ஏறியதும் ஒரு தட்டில் வாங்கி உள்ளே வைத்துவிடுவார்கள். புதுக் கண்ணாடியில் கீறல் விழாமலிருக்க மெல்லிசாக ஒரு பாலித்தீன் தாள் ஒட்டி வருமே, அதைக்கூட உரிக்க விடமாட்டார்கள். உரித்தால் பழசாகிவிடுமாம். அதனால் சாயப்பட்டறை ஆட்கள் ஆடிட் அன்று மட்டும் மூடுபனிக்குள் நடப்பவர்கள் மாதிரி தட்டுத் தடுமாறி நடந்தார்கள்.

அலமாரி பூட்டியிருந்த ஒரு சாதாரண நாளில்தான் டேங்கில் வேலை பார்த்த அய்யாசாமியின் வலக்கண்ணில் காஸ்டிக் சோடா தெறித்தது. “ஆசிட்டை ஊத்துங்கடா!” என்று அலறியதும் அவனேதான். காஸ்டிக்கில் வெந்த துணிக்கு அசிட்டிக் ஆசிட் விட்டால் காரம் அடங்கிவிடும். வருஷக்கணக்காக அவன் கை செய்த வேலை அது. துணிக்கு அடங்குவது கண்ணுக்கும் அடங்கும் என்று நினைத்துவிட்டான். பக்கத்தில் நின்றவர்களுக்கும் அதுவே சரியென்று பட, ஓடிப்போய் எடுத்து வந்து ஊற்றினார்கள். நாலா பக்கமும் குழாய் ஓடுகிற பட்டறையில் ஒருவருக்கும் தண்ணீர் நினைவுக்கு வரவில்லை. ஒரு நாளாவது யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்தானே வரும்!

“நீயேதானப்பா ஆசிட்டு கேட்டிருக்கற? கம்பெனி என்ன பண்ணும்?” என்றார் பொங்கியண்ணன், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அருகே நின்றுகொண்டு. அய்யாசாமியின் மனைவி மருதாள் தலைமாட்டில் நின்றிருந்தாள். அதே கம்பெனியில் துணி செக்கிங்கில் வேலை பார்ப்பவள். வாய் திறந்தால் இரண்டு பேர் பிழைப்பும் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

புண் ஆறிய பிறகு, வெந்த கண்மேல் பாலாடை போல வெள்ளைத் தோல் படர்ந்து கருவிழியை மூடிவிட்டது. கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா மருதாளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

“கருவிழியும் வெள்ளையும் சேர்ற ஓரத்துலதான் கண்ணோட மேல்தோலுக்கு நாத்தங்கால் இருக்கும்மா. தேயுற தோலுக்கு அங்கேயிருந்துதான் புதுசு முளைச்சு வரணும். ஸ்டெம் செல்னு சொல்லுவோம். இவருக்கு வலது கண்ணுல அது மொத்தமா வெந்துபோச்சு. நல்ல கண்ணோட ஓரத்துல துளியூண்டு எடுத்து, லேப்ல வளர்த்து, இதுல நடப்போறோம்.”

“எதும்மேல வளப்பீங்க?”

“பிரசவத்துல குழந்தையைச் சுத்தி ஒரு பை இருக்கும்ல, அந்தச் சவ்வுமேல. யாரோ ஒரு தாய் குடுத்தது.”

அய்யாசாமி மிரண்டுபோனான். “இருக்கறது இது ஒண்ணு. இதையும் தோண்டோணுமா புள்ள?”

“துளியூண்டுதானாம் மாமா. நானிருக்கறனில்ல,” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சவ்வில் வளர்ந்த நாற்று கண்ணில் பிடித்துக்கொண்டது. படர்ந்த தோலை உரித்தெடுத்துத்தான் நட்டார்கள். முழுப் பார்வை வரவில்லை. ஆனால் ஒரு நாள் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, “மூக்குத்தி போட்டிருக்கற,” என்றான். மருதாள் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னார்: “இடது கண்ணு பத்திரம்மா. வலது கண்ணுல நட்டது பட்டுப்போச்சுன்னா, அவருக்கு நாத்து எடுக்க வேற இடம் கிடையாது.”

கம்பெனியில் அய்யாசாமிக்கு மறுபடி அதே காஸ்டிக் டேங்க்தான். வேறு வேலை இல்லை என்றார்கள். மருதாள் ஆபீஸ் ரூமுக்குப் போனாள்.

“அந்தக் கண்ணாடியில ஒண்ணு தெனமும் அவருக்குக் குடுத்தாப் போதுமுங்க.”

பொங்கியண்ணன் சிரித்தார். “ஏம்புள்ள, இப்பத்தான் கண்ணையே வளத்துக் குடுக்கறாங்களே! அப்பறம் கண்ணாடி என்னத்துக்கு?”

மருதாள் வெளியே வந்தாள். முகம் தெரியாத ஒருத்தி, தன் பிள்ளையைச் சுமந்த பையை யாரோ ஒருவன் கண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்த மனிதருக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியைக் கொடுக்க மனசில்லை. இப்படியும் ஒரு பிறவியா! வைத்தியம் வந்தது கண் போனவனுக்கா, கண்ணாடி கொடுக்காதவனுக்கா?

அடுத்த ஆடிட் வந்தது. ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரம்மாளை அழைத்துக்கொண்டு பொங்கியண்ணனின் மகன் தரணீதரன் பட்டறைக்குள் வந்தான். அய்யாசாமியைக் கண்காட்சிப் பொருளாகவே நிறுத்தியிருந்தார்கள்: கம்பெனி கண்ணைத் திருப்பிக் கொடுத்த தொழிலாளி! மருதாளையும் செக்கிங்கிலிருந்து கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அந்தம்மா என்னவோ கேட்டாள்.

“தெனமும் கண்ணாடி போடறாரான்னு கேக்கறாங்க,” என்றான் தரணீதரன்.

“இன்னைக்கு மட்டுந்தானுங்க. அப்படியே சொல்லுங்க.”

அவன் இங்கிலீஷில் சொன்னான். அந்தம்மா புன்னகையோடு தலையாட்டினாள். மருதாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தான் சொன்னதற்கு இந்தச் சிரிப்பு வராது என்று தெரியும்.

புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பாலித்தீன் தாளுக்குப் பின்னால் அவன் கண்கள் இரண்டும் மங்கலாகத் தெரிந்தன. சென்னையில் உரித்தெடுத்த பாலாடையை இந்தப் பாவிகள் மறுபடி ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள்! அதுவரை கடித்திருந்த பல் விட்டுப்போனது. பிழைப்பு போனால் போகட்டும். எட்டி அவன் கண்ணாடியைக் கழற்றினாள். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, அந்தம்மா பார்க்கப் பார்க்கத் தாளைச் சரசரவென்று உரித்தாள். உரித்ததை அந்தம்மா கையில் வைத்தாள்.

அந்தம்மா தாளைப் பார்த்தாள். அடுத்து நின்றவன் கண்ணாடியைத் தானே கழற்றி நகத்தால் சுரண்டினாள். பிறகு அதற்கடுத்தவனுடையதை. எல்லாவற்றிலும் தாள். சிரிப்பு போயே போய்விட்டது. தரணீதரன் வேகவேகமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

கார் போன பிறகு, வழக்கம்போலத் தட்டு வந்தது. இம்முறை பொங்கியண்ணனே தூக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. “கழட்டுடா,” என்றார்.

அய்யாசாமி கண்ணாடியை இன்னும் அழுத்தி மாட்டிக்கொண்டான். அவரை எதிர்த்து அவன் பேசியதே இல்லை. கண்ணாடிமேல் இடக்கண் பக்கம் விரலை வைத்தான்.

“உங்க தோட்டத்து நாத்தங்கால்ல மாடு எறங்குனா சும்மா உடுவீங்களா மொதலாளி? என்ற நாத்தங்காலு இங்க இருக்குதுங்க. வேலியைக் கழட்ட முடியாதுங்க.”

பின்னால் நின்றவர்களில் ஒருவன் தன் கண்ணாடியில் நகத்தை வைத்தான். தாள் கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் வரிசை நெடுக அதே சத்தம். பொங்கியண்ணன் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.