இரண்டு பிடி மண்

பிடிமண் எடுக்கப் போகும்போது பொம்பளை கூட வரக்கூடாது என்று தோட்டத் தலைவர் ஆண்டியப்பன் சொன்னார். நான் குனிந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். நிமிராமலே கேட்டேன்.

"எங்க அக்காவும் பொம்பளதானுங்களே? அவ அங்கதான கெடக்குறா?"

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். அட்டை ஏறாமலிருக்க உப்பும் சவர்க்காரமும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேமலை டிவிசனை மண்சரிவு அள்ளிக்கொண்டு போய் இரண்டு வருடமாகிறது. பிழைத்தவர்களுக்கு ரோட்டோரமாகப் புது வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். முனியாண்டி சாமிதான் இன்னும் பழைய இடத்தில் தனியாக நிற்கிறார். அங்கிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து போட்டு, அதன் மேல் கல்லை நட்டால்தான் இங்கே வருவாராம். அவரை முதன்முதலில் அங்கே வைத்தது சோலைமலை அத்தானுடைய பாட்டன். அதனால் மண்ணை அள்ள அத்தான் கைதான் வேண்டும்.

அத்தான் என்றால் என் அக்கா அம்மாக்கண்ணுவின் புருசன். அக்கா அந்தச் சரிவில் போனவள், இன்னும் கிடைக்கவில்லை. பெக்கோ மெசின் கொண்டுவந்து தோண்டினார்கள், ஆமிக்காரப் பையன்கள் தேடினார்கள், பிறகு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். "ஆளே கெடைக்காம என்னத்தக் கருமாதி" என்று அத்தான் ஒரு சாங்கியமும் செய்யாமல் இருக்கிறார். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. பசியோடு அலைகிறாளோ என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இன்றைக்கு ஒரு முடிவு கேட்காமல் திரும்புவதில்லை என்றுதான் நடந்தேன்.

பழைய ரோட்டும் சரிவோடு போய்விட்டதால் மலை முகட்டைப் பிடித்துத்தான் போக வேண்டும். முகடு நெடுக எல்லைக்கல். இந்தப் பக்கம் எங்கள் நுவரெலியா மாவட்டம், அந்தப் பக்கம் இரத்தினபுரிக் காடு. மானாப்புல் இடுப்புக்கு மேல் வளர்ந்து கிடந்தது. தலைவர் முன்னால் கத்தியால் வழி வெட்டிக்கொண்டு போனார். மடித்த மஞ்சள் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அத்தான் நடுவில் போனார். மேகம் விலகும்போது கீழே மஸ்கெலியா அணைத் தண்ணீர் கொஞ்சம் தெரியும், உடனே மூடிக்கொள்ளும்.

ஓர் எல்லைக்கல்லில் உட்கார்ந்து தேத்தண்ணி பிளாஸ்க்கைத் திறந்தேன். தலைவருக்கு ஊற்றினேன். அத்தானிடம் நீட்டவில்லை.

"ஒரு வாய் குடி சோல, தொண்ட காயுது பாரு" என்றார் தலைவர்.

"வேணாங்க."

பிறந்ததிலிருந்து தேயிலைக்குள் கிடந்த மனுசன், இரண்டு வருடமாகத் தேத்தண்ணியை வாயில் வைக்கவில்லை. சரிவு வந்த அன்றைக்கு அடைமழை. எங்கள் எல்லோரையும் லயத்து வீடுகளிலிருந்து கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். "இந்தக் குளுருக்கு ஒரு வாய் தேத்தண்ணிக்கு வழியில்ல" என்று அத்தான் முனகினார். அவ்வளவுதான். "இந்தா, கேத்தலயும் தூளயும் எடுத்துட்டு ஓடியாந்துர்றேன்" என்று அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு இறங்கினாள். அவர் ஒன்றும் போகச் சொல்லவில்லை. அது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் மேல் தப்பில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர் காதில் ஏறுவதில்லை.

மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தில் இறங்கினோம். லயம் இருந்த இடமெல்லாம் ஒரே மண், அதன்மேல் செடி முளைத்துவிட்டது. முனியாண்டி மட்டும் ஓரத்தில் அரிவாளோடு அப்படியே நின்றார். அவர் மேல் ஒரு கீறல் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்னய மட்டும் நல்லாப் பாத்துக்கிட்டய்யா சாமி!"

"வாயக் கழுவு புள்ள" என்று தலைவர் அதட்டினார்.

அத்தான் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு, கல்லின் அடியில் ஒரு பிடி மண் அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தார். போய்ச் சேருகிறவரை அதைத் தரையில் வைக்கக்கூடாது. "புடிங்க தலைவரே" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக்கொண்டு கீழே இறங்கினார்.

எங்கள் லயத்துக்கு அடையாளம் என்று மிஞ்சியது பீலி ஒன்றுதான். அதில் தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஆயுசெல்லாம் அங்கேதான் குடம் குடமாகப் பிடித்துப் படியேறினாள். "ஒரு நாளைக்காச்சும் வீட்டுக்குள்ள பைப்பு வச்சிருக்கணும்டி" என்பாள். அத்தான் பீலிக்கு மேலே முழங்காலில் உட்கார்ந்து, ஒரு பிடி மண் அள்ளித் துவாயில் வைத்து முடிச்சுப் போட்டார்.

தலைவருக்குப் பதறிவிட்டது. "டேய், அது தீட்டு மண்ணுடா! சாமி மண்ணோட கொண்டாரக் கூடாது!"

"சாமி முன்னுக்குப் போகட்டுங்க. நாங்க பின்னுக்கு வாறோம்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்.

திரும்பி முகட்டுக்கு ஏறும்போது அத்தான் முடிச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாலடிக்கு ஒருதரம் நின்று நின்று வந்தார்.

"முடியலயா அத்தான்? குடுங்க, நான் கொஞ்சம் தூக்குறேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல சர்மி. மேடு ஏறுனா ஒங்கக்காவுக்கு மூச்சு வாங்கும்ல."

ஆனாலும் கேட்டுவிட்டேன். "இந்த மண்ண வச்சாவது செஞ்சிருவோம் அத்தான். ஆத்துல கரச்சு, ஒரு வாய் சோறு படைச்சு... பாவம் அவ."

எல்லைக்கல் ஒவ்வொன்றாகப் பின்னால் போனது. கீழே ரோடு கண்ணில் பட்ட பிறகுதான் சொன்னார்.

"செய்வோம். மொதல்ல அவ வீட்டப் பாக்கட்டும்."

ரோட்டில் தப்படிக்காரர்கள் காத்திருந்தார்கள். தலைவர் கையிலிருந்த மஞ்சள் முடிச்சைக் கண்டதும் தப்பு முழங்கியது, ஆட்கள் எல்லாம் சாமியோடு போய்விட்டார்கள். அத்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரே தன் வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினார். முடிச்சை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"இது முன்னறை" என்றார். என்னிடம் சொல்லவில்லை. "சன்னல் ரெண்டு. மழைக்கு ஒழுகாது. இந்தா, இது படுக்குற அறை. நான் தனியாத்தான் படுக்கிறேன்."

குசினிக்குள் போனார். முடிச்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தொட்டிக்கு மேலிருந்த பைப்பைத் திறந்தார். அது இருமி, காற்றைக் கக்கி, பிறகு தண்ணீராகக் கொட்டியது. முடிச்சை அதன் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார்.

"பாரு. உள்ளுக்கே வருது. இனி எதுக்கும் கீழ எறங்க வேணாம்."

தண்ணீர் தொட்டியில் நிறைந்து, விளிம்பைத் தாண்டி, சிமெந்துத் தரையில் என் கால் வரை வந்தது. பைப்பை மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.