கருத்தையாவின் கூடாரமும் என் தூளியும்

நடந்து போகிறவனுக்குப் படுக்கையைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள் குறட்டை விடாதவர்கள். நான் விடுவேன். அதனால் 1968 தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தபோது, முருகனை நினைத்ததைவிட எங்கே படுப்பது என்றுதான் அதிகம் நினைத்தேன். இப்போதாவது ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அவனுக்குத் தெரியாததா?

என் பெயர் முத்தப்பன். அப்போது கல்லல் யூனியன் ஆபீசில் குமாஸ்தா. வயது இருபத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு என் மூக்குதான் காரணம். முந்தின வருஷம் சிவகங்கையில் ஒரு பெண்ணைப் பேசி, நாள் குறிக்கிற அளவுக்கு வந்தது. அங்கே விருந்து சாப்பிட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் என்று சொல்லிக் கூடத்தில் சாய்ந்தேன். எழுந்தபோது கூடத்தில் ஒருவரும் இல்லை. பெண்ணின் அப்பா மட்டும் வாசலில் நின்றுகொண்டு, "யோசிச்சுச் சொல்லி விடுறோம்" என்றார். அந்த யோசனை இன்னும் முடியவில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் பொன்னழகு வீட்டுச் சம்பந்தம். திருப்பத்தூருக்குப் பக்கத்து ஊர். அப்பா கருத்தையா, நெல்லும் கடலையும் போடுகிற சம்சாரி. பெண் பார்க்கப் போனபோது நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன். காப்பி கொண்டு வந்த பொன்னழகு அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்கத் தெரியாமல் தம்ளரோடு உள்ளே ஓடினாள். அந்தக் கணமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இவளைக் கட்டினால்தான் ஆயிற்று என்று மனசு அடம்பிடித்தது.

ஆனால் மணி பன்னிரண்டு ஆவதற்குள் கருத்தையா எங்களைக் கிளப்பிவிட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்று கையைப் பிடித்து வெளியே விடாத குறைதான். எங்கள் பக்கத்தில், மத்தியான நேரத்தில் விரோதி வந்தால்கூட இலை போடாமல் அனுப்பமாட்டார்கள். என் அம்மா கல்லல் வருகிறவரைக்கும் பொருமினாள்.

"காப்பியக் குடுத்துக் கழிச்சு விட்டாக. இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்டா."

நானும் போச்சு என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் கழித்துக் கருத்தையாவிடமிருந்து ஆள் வந்தது. அவர் வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறவராம். தம்பியும் கூட வரட்டும், ஆறு நாள் பழகிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கடைசியில் ஒரு வார்த்தை: "ராத்திரி பனிக்குக் கவலைப்பட வேண்டாம். எங்கிட்டப் பட்டாளத்துக் கூடாரம் இருக்கு. ரெண்டு பேரு தாராளமாப் படுக்கலாம்."

வேண்டாமென்று சொன்னதை மறந்து, எனக்குப் போட முருகன் மாலை வாங்க அம்மா கிளம்பிவிட்டாள். எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது.

காரைக்குடியில் தையற்கடை வைத்திருந்த என் கூட்டாளி சின்னக்கருப்பிடம் போனேன். அவன் எதையும் அளந்து பார்த்துத்தான் பேசுவான்.

"கூடாரத்துல நல்லது என்ன? பனி எறங்காது, பூச்சி பொட்டு வராது. கெட்டது என்ன? மாமனாரு" என்றான். "அதுலயும் கித்தான் துணி. உள்ள விட்ட சத்தம் வெளிய போகாது. மொத்தமும் அவரு காதுலதான் எறங்கும்."

"அப்ப என்னடா செய்யிறது?"

"தூளி கட்டிப் படு. எங்க சித்தப்பா மலேயாவுல ரப்பர்த் தோட்டத்துல அப்பிடித்தான் படுப்பாராம். கூடாரம்னா குச்சி வேணும், முளை அடிக்கணும், சமதரை வேணும், தூக்க வண்டி வேணும். தூளின்னா ரெண்டு மரம் போதும். சுருட்டினாத் துண்டு மாதிரித் தோள்ல கெடக்கும். எல்லாத்துக்கும் மேல, மரம் எங்க இருக்கோ அங்கதான கட்ட முடியும்? கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போறதுக்கு அதவிட என்ன சாக்கு வேணும்?"

இந்தக் கடைசிக் காரணத்தில் நான் விழுந்துவிட்டேன். என் அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று, கடுகு மஞ்சளில் சிவப்புக் கரை போட்டது. அதை இரண்டாக மடித்துத் தைத்து, இரண்டு முனையிலும் தாம்புக் கயிற்றைக் கோத்துக் கொடுத்தான். அவன் வீட்டுக் கொல்லையில் ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை முடிச்சு அவிழ்ந்து விழுந்தேன். இரண்டாம் தடவை முடிச்சு நின்றது, முருங்கைக் கிளை நிற்கவில்லை. மூன்றாம் தடவை தூங்கியே விட்டேன். பக்கத்துக் கொல்லைக்காரர் எருமை கனைக்கிறதா என்று எட்டிப் பார்த்ததாகச் சின்னக்கருப்பு பிறகு சொன்னான்.

குன்றக்குடியில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். நாற்பது பேர், சாமான் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி. தூளியைப் பார்த்ததும் ஒருவர், மாலை போட்டவர்கள் தரையில்தானே படுக்க வேண்டும் என்று கிளப்பினார். கூட்டத்தை நடத்தி வந்த மெய்யநாதன் கொஞ்சம் யோசித்தார். "கட்டிலும் மெத்தையும்தான் ஆகாதுன்னு இருக்கு. மரத்துல தொங்குறதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லி வைக்கலை" என்று தீர்ப்புச் சொன்னார்.

கருத்தையாவின் முகம்தான் சுருங்கிவிட்டது. "எதுக்குத் தம்பி மரத்துல போயித் தொங்குறீக? இங்குட்டு வந்து படுங்க. எடம் கெடக்கு" என்றார்.

"காத்தோட்டம் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராதுங்கய்யா" என்றேன்.

கூட்டத்துக்கு இந்தப் பக்கம் சத்தம் எட்டாத தூரத்தில் என் தூளி, அந்தக் கோடியில் அவர் கூடாரம். இரண்டு ராத்திரி இப்படிப் போயிற்று. பகலில் அவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தேன். அவருடைய தண்ணீர்ச் செம்பைச் சுமந்தேன், அவர் சொன்ன உரக் கதையெல்லாம் கேட்டேன். ஆனாலும் அவர் ஒவ்வொரு நாள் காலையிலும், "இன்னைக்காவது கூடாரத்துக்கு வாரீகளா?" என்று கேட்பார். நான் மறுக்கிற ஒவ்வொரு தடவையும் ஏதோ கைவிட்டுப் போகிற மாதிரி பார்ப்பார். எனக்குக் காரணம் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் சிங்கம்புணரி தாண்டி ஒரு தோப்பில் மத்தியானம் தங்கினோம். வெயில் தாழ நாலு மணிக்கு மேல்தான் நடை. சாப்பிட்டதும் எனக்குக் கண் சொருகியது. தோப்பிலேயே கட்டினால் மானம் போகும். அரை மைல் நடந்தேன். ஒரு சின்ன அம்மன் கோயில், ஆளரவம் இல்லை, பக்கத்தில் அளந்து வைத்த மாதிரி ஒரு வேம்பும் ஒரு அரசும். கட்டி ஏறினேன், அவ்வளவுதான் தெரியும்.

கன்னத்தில் சில்லென்று ஏதோ பட்டதும் விழித்தேன். மஞ்சள் தண்ணீர். தூளியைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். கயிற்றில் பூச்சரம் சுற்றியிருந்தது. சேலையில் மூன்று இடத்தில் குங்குமம். அப்போதுதான் தலைக்கு மேலே பார்த்தேன். வேப்பங்கிளை முழுக்க மஞ்சள் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னத் தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கூழாங்கல். பிள்ளை இல்லாதவர்கள் வேண்டிக்கொண்டு கட்டுகிற மரம் அது. அதில்தான் நான் எனக்கென்று ஒரு பெரிய தொட்டிலைக் கட்டி, கல்லுக்குப் பதில் நானே படுத்திருந்தேன்.

முன்னால் நின்ற சிகப்பி என்கிற ஆத்தா கண் கலங்கியிருந்தாள். "எத்தனையோ பேரு கட்டியிருக்காக. ஆளே ஏறிப் படுத்து வேண்டுனத நான் பாத்ததில்லை அப்பு. எம்புட்டு ஏக்கம் இருந்தாப் படுத்திருப்பே! கல்யாணமாகி எத்தனை வருசமாச்சு?"

அம்மன் மரத்தில் மத்தியானத் தூக்கம் போட்டேன் என்று சொன்னால் விளக்குமாறு வரும். காலையும் கோயிலைப் பார்த்து நீட்டியிருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அஞ்சு வருசம் ஆத்தா."

அவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இறங்கிக் கயிற்றில் கை வைத்ததும், "ஏய், கட்டுன தொட்டில அவுக்கலாமா?" என்று எட்டுப் பேரும் சேர்ந்து அதட்டினார்கள். தூளியை விட்டுவிட்டுத் தோப்புக்கு ஓடினேன்.

வழியில் முகத்து மஞ்சளைக் கழுவிக்கொண்டு நான் வருவதற்குள், பெண்கள் மோர்ப்பானையோடு குறுக்கு வழியில் தோப்புக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பழனி நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றுவது அந்த ஊர் வழக்கமாம். சிகப்பியாத்தா கருத்தையாவின் செம்பில் மோரை ஊற்றிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்க கூட்டத்துல ஒரு தம்பி, மூக்கு நீளமா, மாலை போட்டுக்கிட்டு. பாவம், பொண்டாட்டி கட்டி அஞ்சு வருசமாகியும் வயித்துல ஒரு புழு பூச்சி இல்லையாம்."

கருத்தையா என்னை நிமிர்ந்து பார்த்தார். பொன்னழகு தம்ளரோடு ஓடியது கண்ணுக்கு முன்னால் வந்தது. எல்லாம் முடிந்தது.

"அந்தப் பொண்டாட்டி எந்த ஊர்ல இருக்கா?" என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அதுக்காகத்தான் என் பக்கத்துலயே அண்டாம மரம் மரமாத் தாவுனியா? ராத்திரி தூக்கத்துல அவ பேரச் சொல்லிருவேன்னு பயமா?"

நீங்க போய் நீ வந்துவிட்டது. இனிமேல் மறைத்து என்ன லாபம்? நாற்பது பேருக்கு நடுவில் சொன்னேன்.

"எனக்கு ஒரு பொண்டாட்டியும் இல்லைங்கய்யா. நான் குறட்டை விடுவேன். ரொம்பப் பெருசா விடுவேன். ஒரு சம்பந்தம் அதுலயே போச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா இதுவும் போயிரும்னுதான் தூளி கட்டினேன். வேண்டுதல் மரம்னு பாக்கல. அஞ்சு வருசம்னு சொன்னது அடிக்குப் பயந்து."

"குறட்டையா?" கருத்தையா நம்பவில்லை. "இதுக்கு என்ன சாட்சி?"

சிகப்பியாத்தா மோர்ப்பானையைக் கீழே வைத்தாள். "அட, அதுவா! நாங்க அங்குட்டுப் போனதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே. கோயிலுக்குள்ள காட்டுப்பன்னி பூந்துருச்சுன்னு கம்போட போனோம்" என்றவள், எல்லாருக்கும் முன்னால் மூக்கைப் பிடித்து, கழுத்தை நீட்டி, நான் விட்ட மாதிரியே ஒன்று விட்டுக் காட்டினாள். முடிவில் வருகிற விசிலைக்கூட விட்டுவிடவில்லை. வண்டி மாடு இரண்டும் எழுந்து நின்றன.

நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருத்தையா மட்டும் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"உண்மையாவே இம்புட்டுச் சத்தமா விடுவீகளா?" என்று கேட்டார். நீங்க திரும்பி வந்திருந்தது.

"இதவிடக் கூட வருங்கய்யா. அவுக பொம்பளை, அவுகளுக்கு அம்புட்டு மூச்சு இல்லை."

"அப்ப, பக்கத்துல ஆராச்சும் குறட்டை விட்டா உங்களுக்குக் கேக்காது?"

"இடி விழுந்தாக் கேக்காது."

கருத்தையா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கண்ணையும்தான்.

"நானும் விடுவேன் தம்பி. போன வருசம் கூட்டமே என்னையத் தொரத்தி விட்டுச்சு. அதுக்குத்தான் இந்தக் கூடாரம். என் பக்கத்துல ஆறு நாளு படுத்துத் தூங்கி எந்திரிக்கிறானான்னு பாக்கத்தான் உங்களை வரச் சொன்னேன். நீங்க மொத நாளே மரத்துக்கு ஓடவும், என் சத்தத்துக்குப் பயந்துட்டீகன்னு நெனச்சேன்."

"உங்க பக்கத்துல நான் எதுக்குங்கய்யா தூங்கணும்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "பொன்னழகு என்னையக் கொண்டு பெறந்துருக்கு. பன்னெண்டரைக்குச் சோறு தின்னா ஒரு மணிக்குப் படுத்துரும். ஒண்ணேகாலுக்குத் தெருவே எந்திரிச்சிரும். அதுக்குப் பயந்துதான் பொண்ணு பாக்க வாறவுகள, பட்டினி போட்டாலும் பரவாயில்லைன்னு பன்னெண்டுக்குள்ள வெரட்டி விட்டுக்கிட்டு இருக்கேன். கட்டிக் குடுத்த மறுநாளே கொண்டாந்து விட்டுருவாகளோன்னு எனக்கும் என் வீட்டுக்காரி நாச்சியாருக்கும் ரெண்டு வருசமாத் தூக்கம் இல்லை, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்றார். எனக்கு நடந்த கால்வலியெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"இன்னைக்குக் கூடாரத்துலயே படுத்துக்கிறேன் மாமா" என்றேன்.

படுத்தோம். மறுநாள் காலை நாங்கள் எழுந்து பார்த்தபோது, கூட்டம் எங்களை விட்டு இரண்டு பர்லாங் தள்ளிப் படுத்திருந்தது. வண்டிக்காரர் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்.

வைகாசியில் கல்யாணம். அடுத்த வருஷமே மகள் பிறந்தாள். அம்மன் வாசலில் பொய்யாகச் சொன்னது அவள் காதில் மெய்யாகவே விழுந்துவிட்டது போலிருக்கிறது. சிகப்பியாத்தாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

கல்யாணமாகி நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் பொன்னழகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் குறட்டை விடுவேன்னு அப்பா சொன்னாக. நெசமா? நீங்க கேட்டிருக்கீகளா?"

"ஒரு நாளும் கேட்டதில்லை. நான்?"

"நீங்களா? சின்னப்பிள்ளை மாதிரித்தான தூங்குறீக."

இரண்டு பேரும் சொன்னது சத்தியம். இந்தப் பத்து வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் குறட்டை விட்டு நாங்கள் கேட்டதில்லை.